அவர் இடுப்பளவுக்குக் கட்டிய அடுப்படி

எங்கள் வீட்டு அடுப்படியைத் திண்டுக்கல்லில் பாதிப் பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பார்த்தவர்களில் ஒருவர்கூட அதில் ஒரு வேளை சோறு பொங்கிப் பார்க்கவில்லை. பொங்கியது நான். அதனால் இதை எழுதும் தகுதி எனக்குத்தான் இருக்கிறது.

அறுபதுகளின் ஆரம்பம். என் வீட்டுக்காரர் உயர்நிலைப் பள்ளியில் பூகோள வாத்தியார். நாகல் நகரைத் தாண்டி ஒரு சந்தில் சொந்த வீடு. எங்களைப்போல் வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, வாத்தியார்கள் ஏழெட்டுப் பேர் அடுத்தடுத்துக் குடியிருந்த சந்து அது. வீட்டில் அவர், நான், அவருடைய அம்மா. மூன்றே பேர்.

பழைய அடுப்படி எல்லா வீட்டிலும் இருந்ததுபோல்தான் இருந்தது. தரையோடு தரையாக இரண்டு மண் அடுப்பு. மணைப்பலகையில் குந்தி உட்கார்ந்து ஊதுகுழலால் ஊதிச் சமைக்க வேண்டும். சுவர் கரி. கூரை கரி. புகை போவதற்கு ஒரு கை அகல ஓட்டை. அதன் வழியாகப் புகை போகாது, பூனைதான் வரும். என் மாமியாருக்கு நாற்பது வருடப் புகையில் ஒரு கண்ணில் எப்போதும் தண்ணீர் வடியும். அந்த அடுப்படியைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

தலைப்பிரசவத்துக்கு வடமதுரைக்கு, என் அம்மா வீட்டுக்குப் போனேன். ஏழாம் மாதம் போனவள், பிள்ளைக்கு மூன்று மாதம் முடிந்துதான் திரும்பினேன். இடையில் அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. பிள்ளையைப் பற்றி இரண்டு வரி. மிச்சமெல்லாம், "வீட்டில் ஒரு மாறுதல் செய்துகொண்டிருக்கிறேன், வந்து பார், சொல்ல மாட்டேன்" என்பதுதான்.

வந்தேன். பிள்ளையைத் தொட்டிலில் போடக்கூட விடவில்லை. நேராக அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

வெள்ளையடித்த சுவர். கூரையில் வெளிச்சத்துக்கு இரண்டு கண்ணாடி ஓடு. சுவரை ஒட்டிச் செங்கல் தூண்கள் கட்டி, மேலே ஒரே கடப்பாக்கல் போட்ட மேடை. மேடையின் மேல் புகையில்லா அடுப்பு. சிமெண்டில் பூசியது, மூன்று வாய், புகை போகத் தகரக் குழாய் கூரையைத் தாண்டி வெளியே போனது. மூலையில் பாத்திரம் கழுவத் தொட்டி.

"இனிமே நீ குந்த வேணாம். நின்னுக்கிட்டே ஆக்கலாம். சீமையில எல்லாம் இப்படித்தான்" என்றார்.

நான் மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கல் என் நெஞ்சுக்கு வந்தது.

அவர் ஆறடி. நான் ஐந்தடிகூட இல்லை. கொத்தனார் உயரம் கேட்டிருக்கிறார். இவர் சுவரோரமாகப் போய் நின்று, "என் இடுப்புக்கு வையி" என்று சொல்லியிருக்கிறார். கொத்தனார் கரிக்கட்டியால் சுவரில் கோடு போட்டிருக்கிறார். அடுப்பு வைப்பது மேடைக்கு உள்ளே இல்லை, மேடைக்கு மேலே என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. மேடை அவர் இடுப்பு உயரம். அதற்கு மேல் ஒரு சாண் அடுப்பு. அதற்கு மேல் பானை. பானையின் வாய் என் தலைக்கு மேலே இருந்தது. உள்ளே சோறு இருக்கிறதா கல் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. கொதிக்கிற சத்தத்தை வைத்து வெந்ததா இல்லையா என்று யூகிக்க வேண்டும்.

"ஒசரமா இருக்குங்க" என்றேன்.

"பழகிரும்" என்றார்.

மாமியாரைத் தனியாகக் கேட்டேன். "நீங்களாவது சொல்லக்கூடாதா அத்தை?"

"எங்கிட்ட யாரு கேட்டா? சித்தாளுக்குத் தண்ணி மோந்து குடுக்கத்தான் என்னையக் கூப்பிட்டாக" என்றார்.

மறு வாரம் மாதா கோயில் சாமியார் வந்து மந்திரித்தார். தீர்த்தம் தெளித்தார். கல்லைத் தடவிப் பார்த்து, "நல்ல வேலை" என்றார். அவரும் உயரமான மனிதர்.

அதன் பிறகு ஜனம் வர ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் நேராக எங்கள் வீடுதான். மிக்சர் கடைக்குப் போவதுபோல் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். என் வீட்டுக்காரர் அடிக்கோலை எடுத்து வைத்துக்கொண்டு, வகுப்பில் தேசப்படம் காட்டுவதுபோல் காட்டுவார்.

"இது ஒரே கல்லு. நடுவுல ஒட்டுக் கெடையாது. தட்டிப் பாருங்க, சத்தம் எப்படி வருதுன்னு."

"ஆத்தாடி! மொகம் தெரியுதே இதுல!" என்றாள் டிராயிங் வாத்தியார் மனைவி.

"மொகம் பாக்கவா வந்த? அடுப்பப் பாரு" என்றார் டிராயிங் வாத்தியார்.

"நீங்க பாருங்க. நீங்கதானே கட்டப் போறீக. நான் கேட்டா கட்டுவீகளா?"

ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு காய்கறிக் கமிஷன் மண்டிக்காரர் வந்தார். அவர் மகன் இவரிடம் படித்தான். வந்தவர் குழாயை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"ஏனுங்க வாத்தியாரே, பொகையே வராதுங்களா?"

"துளி வராது."

"அப்ப எங்கூட்டுல சிரமமுங்க. அழுதா, 'பொகைங்க, கண்ணெரியுது'ன்னு சொல்லிச் சமாளிச்சுக்கிட்டு இருக்கா. இனி என்னத்தச் சொல்லுவா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மனைவியும் பக்கத்தில்தான் நின்றாள். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா வேறு எதுவுமா என்று எனக்குத் தெரியவில்லை.

பொய் சொல்லக்கூடாது. புகை நிஜமாகவே வரவில்லை. அது பெரிய விஷயம். மாமியாரின் கண் ஒரு மாதத்தில் கொஞ்சம் தெளிந்தது. அதற்கு என் வீட்டுக்காரருக்கு நன்றி சொல்ல நான் தயாராகத்தான் இருந்தேன். என்னை ஒரு தரம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பார்க்க வந்தவர்கள் அளவெடுத்துக்கொண்டு போனார்கள். அப்போதெல்லாம் அளவு என்றால் கயிறுதான். சணல் கயிற்றைத் தரையிலிருந்து கல் வரைக்கும் பிடித்து, அங்கே ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். வீட்டுக்குப் போய் அந்தக் கயிற்றைக் கொத்தனாரிடம் கொடுத்தால் போதும். நிறையப் பேர் கேட்டதால் என் வீட்டுக்காரர் ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டுத் தயாராக அடுப்படிக் கதவோரம் ஆணியில் மாட்டி வைத்துவிட்டார். வந்தவர்கள் தங்கள் கயிற்றை அதன் பக்கத்தில் வைத்து முடிச்சை நகல் எடுத்துக்கொண்டார்கள். இப்படியே அவருடைய இடுப்பு எங்கள் சந்து முழுக்கப் பரவியது. டிராயிங் வாத்தியார் வீட்டில் மேடை எழும்பியது. அவர் மனைவி என்னைவிட இரண்டு விரல் குள்ளம்.

நான் இரண்டு மணைப்பலகையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு ஏறி நின்று சமைத்தேன். உட்காருவதற்குச் செய்த பலகை. அடியில் கட்டை வைத்தது. ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் ஆடும். யாராவது பார்க்க வந்தால், "பலகையை எடுத்து அந்தப் பக்கம் வையி, பாக்க நல்லாயில்ல" என்பார். எடுத்து வைப்பேன். அவர்கள் போன பிறகு மறுபடியும் போட்டு ஏறுவேன்.

குழம்பு வைப்பதுகூடப் பரவாயில்லை. சோறு வடிப்பதுதான் கஷ்டம். தரை அடுப்பில் பானையை இறக்கவே வேண்டாம். மூடியை அழுத்திப் பிடித்துப் பக்கத்துச் சட்டியில் சாய்த்தால் கஞ்சி வடிந்துவிடும். இங்கே கொதிக்கிற பானையை முகத்துக்கு நேரே தூக்கி, பலகையிலிருந்து பின்பக்கமாக இறங்கி, தொட்டிக்குக் கொண்டுபோய்ச் சாய்க்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் இறங்கும்போது மேல்பலகை நழுவியது. பானை கையை விட்டுப் போகவில்லை. ஆனால் கஞ்சி ஒரு அலையாக வந்து என் இடது கையிலும் இடது மார்பிலும் விழுந்தது.

மாமியார் ஓடிவந்து, என் வீட்டுக்காரர் மேசையிலிருந்த மைப்புட்டியை எடுத்து அப்படியே கவிழ்த்தார். தீப்புண்ணுக்கு மை ஊற்றுவது அப்போது வழக்கம். அரைப்புட்டி நீல மை. பாதி உடம்பு நீலமாக உட்கார்ந்திருந்தேன். பிள்ளை பாலுக்கு அழுதது.

இடது பக்கம் கொப்புளம் வைத்துவிட்டது. அந்தப் பக்கம் பால் கொடுக்க முடியவில்லை. வலது பக்கம் மட்டும் கொடுத்தேன், போதவில்லை. இடது பக்கம் பால் கட்டிக் காய்ச்சல் வந்தது. பிறகு அந்தப் பக்கம் சுரப்பே நின்றுபோனது. மாமியார் ஆட்டுப்பால் வாங்கித் தண்ணீர் கலந்து சங்கில் புகட்டினார். பிள்ளை பாதி குடித்துப் பாதி கக்கியது. மூன்று வாரத்தில் தொடை மெலிந்துவிட்டது. அதைப் பார்த்தபோது ஒன்று முடிவு செய்தேன். இருக்கிற ஒரு பக்கத்துப் பாலையும் இந்த மேடைக்குக் கொடுக்க மாட்டேன். மேடை இறங்க வேண்டும், இல்லை நான் அதில் ஏற மாட்டேன்.

அவரிடம் சொன்னேன். "கல்லைத் தூக்கிட்டு மூணு வரிசை செங்கல்லை எடுத்தாப் போதுங்க. கொத்தனாருக்கு ஒன்றரை நாள் வேலை."

"மந்திரிச்ச இடத்த இடிக்கச் சொல்றியா?"

"இடிக்க வேணாம். எறக்கச் சொல்றேன்."

"நாலு பேரு கயித்துல அளவெடுத்துட்டுப் போயிருக்கான். இப்ப நான் கொறச்சா என்னைய என்ன நெனப்பான்?"

"எம் புண்ணைப் பாத்து நீங்க என்ன நெனச்சீக?"

"நீ பாத்து எறங்கியிருக்கணும்" என்றார். பரீட்சைப் பேப்பர் திருத்தப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் கொல்லையில் முருங்கை மரத்தடியில் மூன்று செங்கல்லை வைத்து அடுப்பு மூட்டினேன். பழையபடி குந்தி உட்கார்ந்தேன். பழையபடி புகை. மாமியார் ஒரு மணைப்பலகையை எடுத்துவந்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்.

வீட்டுக்காரர் கோபப்படுவார், இறங்கி வருவார் என்று நினைத்தேன். அங்கேதான் ஏமாந்தேன். அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. அடுப்படியில் இப்போது ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, கரி இல்லை. கல் கண்ணாடிபோல் இருந்தது. வந்தவர்களிடம், "பாருங்க, கட்டி இத்தன மாசம் ஆச்சு, நேத்துக் கட்டுன மாதிரி இருக்குல்ல?" என்று சொன்னார். அவர்களும் தலையை ஆட்டினார்கள். கொல்லையிலிருந்து புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. படித்த மனிதர்கள்.

ஐப்பசி மழை பிடித்தது. நான் அடுப்பு ஊத, மாமியார் மகனுடைய பள்ளிக்கூடக் குடையை விரித்து அடுப்புக்கு மேல் பிடித்தார். எங்கள் இரண்டு பேருக்கும் குடை இல்லை. நனைந்த விறகுப் புகையில் மாமியாரின் கண்ணில் மறுபடி தண்ணீர் வடிய ஆரம்பித்தது. வேண்டாம், உள்ளே போங்கள் என்றால் போக மாட்டார்.

அப்படி ஒரு மழை நாளில்தான் பக்கத்துத் தெரு அக்கா வந்தார். தோல் பதனிடும் தோல்ஷாப் வைத்திருந்த முஸ்லிம் குடும்பம். ரமலானுக்குக் கஞ்சியும் கிறிஸ்துமஸுக்கு முறுக்கும் கொடுத்து வாங்குகிற பழக்கம். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, கையில் ஒரு சுருள் சணல் கயிற்றோடு வந்தார்.

"எங்க வீட்டுலயும் கட்டப் போறாக தங்கச்சி. வாத்தியார் வீட்டு அளவு வாங்கிட்டு வான்னு அவுக அனுப்புனாக."

உள்ளே போய் அடுப்படியைப் பார்த்தார். ஆள் இல்லை, நெருப்பு இல்லை. வாசனை பிடித்துக்கொண்டு கொல்லைக்கு வந்தார். குடை, செங்கல், நாங்கள் இரண்டு பேர்.

"உள்ள அடுப்பு செத்துக் கெடக்கு. இங்க என்ன, அகதி மாதிரி?"

நான் சேலையை விலக்கிக் காட்டினேன். புண் ஆறியிருந்தது. நீலம் போயிருந்தது. தோல் சுருங்கி, வெந்த வாழையிலை மாதிரி இருந்தது.

"யா அல்லா" என்றார். அப்புறம் என் கையைப் பிடித்து அடுப்படிக்குள் கூட்டிக்கொண்டு போனார். ஆணியில் மாட்டியிருந்த கயிற்றை எடுத்து, ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு, மறு நுனியை என் மேல் வைத்துப் பிடித்தார். முடிச்சு என் நெஞ்சில் வந்து நின்றது.

"இது யாரு அளவு?"

"அவரோடது."

"அவரு ஆக்குவாரா?"

"அவருக்கு வெந்நி வைக்கத் தெரியாது."

"அப்ப என்னத்துக்கு அவரு இடுப்பு? நாம என்ன அவருக்குச் சட்டையா தைக்கிறோம்?" என்றார்.

அத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் நான் சிரித்தேன். மாமியாரும் சிரித்தார்.

அந்த அக்கா தன்னுடைய கயிற்றைத் தன் மேலேயே வைத்துப் பார்த்தார். கையில் கரண்டி பிடிப்பதுபோல் பாவனை செய்து, கிண்டிப் பார்த்து, அடுப்புக்கு ஒரு சாண் கழித்துவிட்டு முடிச்சைப் போட்டார். முழங்காலுக்கு ஒரு சாண் மேலேதான் வந்தது.

"அவுக ஒத்துக்குவாகளா அக்கா?"

"வாத்தியார் வீட்டு அளவுன்னு குடுக்கப் போறேன். அவுக என்ன இங்க வந்து அளக்கவா போறாக?"

இரண்டு மாதத்தில் அவர்கள் வீட்டு மேடை எழுந்தது. அவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், மேடையை ஒட்டிய சுவரில் பச்சை ஓடு பதித்திருந்தார்கள். முக்கியமானது அதுவல்ல. அங்கே போன பெண்கள் மேடை முன்னால் நின்று, கரண்டியை எடுத்துக் கிண்டிப் பார்த்தார்கள். அந்த அக்கா வந்தவர்களைக் கிண்ட விட்டார். டிராயிங் வாத்தியார் மனைவி அங்கே நின்று ஒரு முழுத் தோசை சுட்டுவிட்டு வந்தாளாம். வந்து, சந்து முழுக்கக் கேட்கும்படி தன் வீட்டுக்காரரைத் திட்டினாள்.

"ஏணி வச்சு ஏறுற அடுப்பக் கட்டி வச்சிருக்காரு! நான் என்ன தென்னை மரம் ஏறுறவளா?"

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பக்கத்துத் தெருவுக்குப் போக ஆரம்பித்தது. அங்கே பெண்கள் உள்ளே போனார்கள், ஆண்கள் வாசலில் நின்று பேசினார்கள். எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. அவர் அடிக்கோலோடு முன்னறையில் உட்கார்ந்திருப்பார். ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு. மூன்றாவது ஞாயிறு சாமியாரிடம் போயிருக்கிறார். மந்திரித்த மேடையைத் தொடலாமா என்று கேட்டிருக்கிறார்.

சாமியார், "நான் வீட்ட மந்திரிச்சேன். ஒசரத்த மந்திரிக்கலையே" என்று சொல்லியிருக்கிறார்.

நான் புண்ணைக் காட்டிச் சொன்னபோது இறங்காத மேடை, பார்க்க ஆள் வரவில்லை என்றதும் இறங்குவதற்குத் தயாராகிவிட்டது. இதை நான் அவரிடம் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. பேசாமல் இருந்தார் என்பதை மட்டும் அவர் கணக்கில் நல்லதாக எழுதிக்கொள்கிறேன்.

கொத்தனார் வந்தார். அதே மனிதர். கரிக்கட்டியை எடுத்துக்கொண்டு பழக்கதோஷத்தில் கூப்பிட்டார்.

"வாத்தியாரய்யா, செத்த வந்து நில்லுங்க. கோடு போட்டுருவோம்."

நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் நின்றேன்.

"இந்தா நிக்கிறேன். போடுங்க."

கொத்தனார் அவரைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்தார். கொத்தனார் குனிந்து, என்னைத் தொடாமல் சேலைக்கு ஒரு விரல் தள்ளிக் கோடு போட்டார். "அடுப்புக்கு ஒரு சாண் கழிங்க" என்றேன். கழித்து இன்னொரு கோடு போட்டார். மூன்று வரிசை இல்லை, ஐந்து வரிசை செங்கல்லை எடுக்க வேண்டியிருந்தது.

சிமெண்டு காய்ந்து முதல் நாள் உலை வைத்தேன். பானைக்குள் அரிசி தெரிந்தது. கொதித்து மேலே வருவதும் கீழே போவதும் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சாய்த்து வடித்தேன். ஒரு சொட்டு மேலே படவில்லை.

அடுத்த ஞாயிறு இரண்டு பேர் வந்தார்கள். "வீட்டுப் பொம்பளைக்கு ஏத்த ஒசரம் வேணும். அதத்தான் நான் மொதல்லருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்" என்று அவர் அவர்களிடம் சொல்வது என் காதில் விழுந்தது. நான் கரண்டியை வைத்துவிட்டுப் போய்ச் சண்டை போட்டிருக்கலாம். குழம்பு தாளித்துக்கொண்டிருந்தேன். போகவில்லை.

அன்று சாயங்காலம் எனக்குத் தலைவலி. மாமியாரைக் காபி போடச் சொல்லிவிட்டுப் படுத்திருந்தேன். அடுப்படியில் ஏதோ இழுக்கிற சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். மாமியார் மூலையில் கிடந்த மணைப்பலகையில் ஒன்றை எடுத்து மேடைக்கு முன்னால் போட்டு, அதன் மேல் ஏறி நின்று பால் சட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என் தோளுக்குத்தான் வருவார். அது எனக்கு எப்போதும் தெரியும். கோடு போடும்போது அவரும் அதே அறையில்தான், கதவோரம் நின்றுகொண்டிருந்தார். நான் கேட்கவில்லை.

"அத்தை, எறங்குங்க. நான் போடுறேன்" என்றேன்.

"இருக்கட்டும் தாயி. அவனுக்கு ஒரு அளவு கட்டியாச்சு, ஒனக்கு ஒரு அளவு கட்டியாச்சு. எனக்குப் பலகை போதும். நீ போய்ப் படு."

நான் போய்ப் படுக்கவில்லை. பலகை ஆடாமல் இருக்க, அவர் காபி போட்டு முடிக்கிற வரை அதைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றேன்.